சூடம் ஓடுகிற தட்டில் எத்தனை டிகிரி?

மே மாதம் பேப்பரில் ‘பாளையங்கோட்டை 104 டிகிரி’ என்று போட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நேற்றைக்கு 103தானே என்று ஒரு டிகிரிக்குச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஓர் ஊரின் காற்றை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் துணிச்சலான காரியம்தான் அது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 25 என்று எழுதிப் பின்னால் 18 பூச்சியம் போடும் அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு திசை. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு முட்டிக்கொள்கிறது. அந்த விவரம் அத்தனையையும் தூக்கிக் கடாசிவிட்டு, 104 என்கிறோம். அதுவும் போதுமானதாக இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் கார்னோ வருவார், கிளாசியஸ் வருவார், மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் நான்கும் வரும், பரீட்சை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டோடு கதை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வெளியே போவார்கள். எனக்கே கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் ‘ஆக்டிவ் மேட்டர்’ என்ற துறையின் கட்டுரைகளைச் சாயங்காலங்களில் வாசிக்க ஆரம்பித்தேன். தானாக நீந்தும் துகள்கள், ஒவ்வொன்றும் தனக்கான ஆற்றலைத் தானே செலவழித்துக்கொண்டு ஒரு திரவத்தில் நிறைந்திருந்தால், அந்தத் திரவத்துக்கு வெப்பநிலை என்று ஒன்றைச் சொல்ல முடியுமா? அழுத்தம் என்று ஒன்று உண்டா? நாம் வகுப்பில் அடித்துச் சொல்லும் சொற்களில் எவை அங்கே செல்லும், எவை செல்லாது?

முதலில் அந்த ஒற்றை எண் ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதரசத் தண்டை வைத்து அளக்கலாம். அடைத்து வைத்த வாயு எவ்வளவு விரிகிறது என்று பார்த்து அளக்கலாம். நீரில் மிதக்கும் ஒரு நுண்துகள் எவ்வளவு துள்ளுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தும் அளக்கலாம். பொருள் வெப்பச் சமநிலையில் இருந்தால் எல்லா வெப்பமானிகளும் ஒரே விடையைத்தான் சொல்லும். வெப்பநிலை என்ற கருத்தின் உயிரே இந்த ஒற்றுமைதான். எந்த வெப்பமானி என்று கேட்கத் தேவையில்லாமல் போவதால்தான் பேப்பர்க்காரர் ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போக முடிகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஃபிரான்ஸின் ஜான் பெரனுடையது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும் என்பது தெரிந்த விஷயம். நம் பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் அந்த உச்சியில் இருக்கும். புவியீர்ப்பு கீழே இழுக்க, வெப்பத் துள்ளல் மேலே தூக்க, இரண்டுக்கும் நடக்கும் பேரம் அது. 1908 வாக்கில் பெரன் கேட்டது: நீரில் மிதக்கும் துகள்களுக்கும் இதே விதிதானே இருக்க வேண்டும்? ஒருவகை மரப்பிசினைக் கரைத்து, ஒரே அளவுள்ள உருண்டைகளாகப் பிரித்தெடுத்து, ஒரு சொட்டு நீரில் எந்த உயரத்தில் எத்தனை உருண்டை என்று நுண்ணோக்கியில் எண்ணினார். அதே விதிதான் கிடைத்தது. காற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு, உருண்டைக்குச் சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அவ்வளவுதான் வேறுபாடு. அணு என்பது வெறும் கணக்கு வசதி என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்த சோதனைகளில் இது ஒன்று. 1926-இல் நோபல் பரிசும் வந்தது.

பெரனின் சோதனையை 2010-இல் லியோன் நகரத்தில் ஒரு குழு திரும்பச் செய்தது. இந்த முறை உருண்டைகளுக்கு இயந்திரம் பூட்டியிருந்தார்கள். ஒரு மைக்ரான் அளவு உருண்டை, ஒரு பாதியில் மட்டும் பிளாட்டினப் பூச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் போட்டால் பிளாட்டினப் பக்கம் பெராக்சைடு சிதையும், உருண்டை நகரத் தொடங்கும். நேராகக் கொஞ்ச தூரம் போகும். நீர் மூலக்கூறுகளின் இடியில் அதன் மூக்கு மெல்லத் திரும்ப, வேறு திசையில் போகும். பெராக்சைடைக் கூட்டக் கூட்ட உருண்டைகள் உயரமாகப் படிந்தன. ஆனால் உயரத்தோடு எண்ணிக்கை குறையும் வடிவம் பெரன் கண்ட அதே அடுக்குக்குறி (எக்ஸ்பொனென்ஷியல்) வடிவம்தான். வெப்பநிலை என்ற இடத்தில் பெரிய எண்ணைப் போட்டால் சூத்திரம் பொருந்திவிடுகிறது.

இந்தக் கட்டுரையை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி ஏமாற்றம். இவ்வளவுதானா, அறைச் சூடான 300 கெல்வினுக்குப் பதில் பெரிய எண், மற்றபடி பழைய பாடம்தானா என்று தோன்றியது. அந்தப் பெரிய எண் எவ்வளவு பெரியதாகலாம் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் சூடுபிடித்தது.

ஒரு மைக்ரான் ஆரமுள்ள உருண்டை நீரில் சும்மா கிடந்தால், அதன் விரவல் எண், அதாவது எவ்வளவு சீக்கிரம் அலைந்து பரவும் என்பதன் அளவு, நொடிக்கு 0.2 சதுர மைக்ரான். அதே உருண்டை நொடிக்கு 10 மைக்ரான் வேகத்தில் நீந்தட்டும். இந்த அளவு உருண்டைக்குத் திசை மறக்க 6 நொடி ஆகும். வேகத்தின் வர்க்கத்தை அந்த நேரத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் விரவல் எண் ஏறத்தாழ 100. அதாவது 500 மடங்கு. தண்ணீர் அதே தண்ணீர், பாகுநிலை மாறவில்லை, உருண்டையை இழுத்தால் எதிர்க்கும் விசையும் மாறவில்லை. தானாக அலைவதையும் இழுத்தால் நகர்வதையும் வெப்பநிலையால் முடிச்சுப் போட்டார் ஐன்ஸ்டீன், 1905-இல். அந்த முடிச்சின்படி கணக்குப் போட்டால் இந்த உருண்டையின் வெப்பநிலை 300 கெல்வின் பெருக்கல் 500. ஒன்றரை லட்சம் கெல்வின். சூரியனின் மேற்பரப்பே 6,000 கெல்வினுக்கு உள்ளேதான். தண்ணீரில் விரலை விட்டால் அறைச் சூடுதான் இருக்கும்.

இங்கேதான் கேட்க வேண்டும்: எந்த வெப்பமானி?

உருண்டையை ஒரு கிண்ணம் போன்ற விசைப்புலத்தில் பிடித்து வைப்பது இன்னொரு வெப்பமானி. லேசர் ஒளியாலும் ஒலி அலையாலும் இப்படிப் பிடிக்கலாம். சமநிலையில் உருண்டை கிண்ணத்தின் நடுவில்தான் அதிகம் இருக்கும், விளிம்புக்குப் போகப் போகக் குறையும், மணி வடிவ வளைகோடு கிடைக்கும். அதன் அகலத்திலிருந்து வெப்பநிலையைப் படித்துவிடலாம். கிண்ணத்தை இறுக்கினாலும் தளர்த்தினாலும் விடை மாறாது. நீந்தும் உருண்டையிடம் இதைச் செய்தால் தளர்வான கிண்ணத்தில் மணி வடிவம் வரும், ஒன்றரை லட்சமும் வரும். இறுக்கமான கிண்ணத்தில் உருண்டை திசை மறப்பதற்குள்ளேயே விளிம்பை எட்டிவிடும், ஏற முடியாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். நடு காலி, விளிம்பில் வளையம். மணி வடிவம் போன பிறகு அதன் அகலத்துக்கு என்ன அர்த்தம்? ஒலி அலைப் பொறியில் இந்த வளையத்தைக் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு குழு 2016-இல் படமே பிடித்துக் காட்டியது. அதே துகள், அதே தண்ணீர், பிடிக்கும் கைக்கு ஒரு வெப்பநிலை.

ஆகவே அந்த ஒன்றரை லட்சம் பொய் என்று சொல்ல மாட்டேன். மெதுவான, தளர்வான, நீண்ட நேரக் கேள்விகளுக்கு அது சரியான விடை. அவசரக் கேள்விக்கும் இறுக்கமான கேள்விக்கும் அது விடையே இல்லை. சமநிலையில் இந்த எல்லைக்கோடு கிடையாது. என் பார்வையில் இந்தத் துறையின் சாரம் முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடும். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு இதை வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை, எதையாவது ஓட விட்டுக் காட்ட வேண்டும். பிளாட்டினத்துக்கு எங்கே போவது? பூஜை அலமாரியில் சூடம் இருந்தது. ஒரு எவர்சில்வர் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சோப்பும் எண்ணெயும் துளிகூட இல்லாமல் பல முறை அலசி, தண்ணீர் ஊற்றி, சூடத்தை நகத்தால் கிள்ளிப் போட்டோம். மிளகில் பாதி அளவுத் துண்டுகள். விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கூர்மையாக உடைந்த துண்டு நேராகப் பாயும். ஒரு பக்கம் மட்டும் பிளந்த துண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டு துண்டு நெருங்கினால் முட்டுவதற்கு முன்பே விலகிப் போகும்.

அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏல, சாமிக்கு வாங்கி வச்ச சூடத்தத் தண்ணியிலயா போடுதிய? வெளங்கும்.”

“ஆச்சி, இங்கன வந்து பாருங்க. அதுவாட்டுக்கு ஓடுது.”

“யாரு ஊதுதா?”

“யாரும் ஊதல ஆச்சி. அதுவே ஓடுது.”

அம்மா தட்டுக்கு நேரே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். “மூதேவி, நிக்கவே மாட்டேங்கே” என்று ஒரு துண்டைப் பிடிக்க விரலை விட்டாள். அவ்வளவுதான். தட்டு முழுக்க எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. தாளிப்பு எண்ணெய் விரலில் இருந்திருக்கிறது.

சூடம் நீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. பரவிய இடத்தில் பரப்பு இழுவிசை குறைகிறது. துண்டு கோணல் மாணலாக இருப்பதால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவுவதில்லை, ஆகவே இழுவிசை கூடுதலான பக்கத்துக்கு இழுபடுகிறது. பரவிய சூடம் காற்றில் ஆவியாகிப் போவதால் நீர்ப்பரப்பு மறுபடி சுத்தமாகிறது, ஓட்டம் தொடர்கிறது. எண்ணெய் பட்டால் பரப்பு முழுக்க அதன் படலம் பரவி எல்லா இடத்திலும் இழுவிசையைக் குறைத்துவிடும். இழுக்க ஆள் இல்லை. எவ்வளவு எண்ணெய் போதும் என்று 1890-இல் லார்டு ராலே அளந்தார். 84 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, அதில் சூடம், அதை நிறுத்த 0.81 மில்லிகிராம் ஆலிவ் எண்ணெய். படலத்தின் தடிமன் 1.6 நானோமீட்டர் என்று கணக்கு வந்தது. மூலக்கூறின் அளவைத் தொட்ட முதல் அளவீடுகளில் ஒன்று. அடுத்த வருஷமே ஜெர்மனியிலிருந்து ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரி வாசலை மிதிக்காதவர், தன் வீட்டு அடுக்களையில் நீர்ப்பரப்பைப் பற்றிச் செய்த சோதனைகளை ராலேவுக்குக் கடிதமாக எழுத, அதை அவர் ‘நேச்சர்’ இதழில் போட வைத்தார். அடுக்களைக்கும் இயற்பியலுக்கும் நெடுநாள் உறவு உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். ரசம் கொதிக்கிறது என்று போய்விட்டாள்.

தம்பி மகள் ஒரு வெப்பமானியைத் தட்டில் வைத்துப் பார்த்தாள். ஓடும்போதும் நின்ற பிறகும் ஒரே சூடுதான் காட்டியது. “அப்போ ஓடுற சூடத்துக்கு எத்தன டிகிரி பெரியப்பா?” என்றாள். கேள்வி நன்றாக இருந்ததால் கணக்குப் போட்டோம். துண்டின் எடை 10 மில்லிகிராம், வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றலை, ஆற்றலை வெப்பநிலையாக மாற்றித் தரும் போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்தால் ஒன்று போட்டுப் பதினைந்து பூச்சியம், கெல்வினில். இந்த எண் முட்டாள்தனமானது என்று இருவருக்கும் பார்த்தவுடன் தெரிந்தது. ஏன் முட்டாள்தனம் என்று சொல்ல முயன்றபோதுதான் அவள் தடுமாறினாள். நீர் மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி அந்தத் துண்டு இந்த வேகத்துக்கு வந்திருந்தால், அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இங்கே துண்டு தன் சூடத்தைச் செலவழித்து ஓடுகிறது, நீர் அதை நிறுத்தப் பார்க்கிறது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே கையாக இருந்தால்தான் டிகிரி.

இனி அழுத்தம். வெப்பநிலை குழம்பினாலும் அழுத்தம் குழம்பாது என்றுதான் யாருக்கும் தோன்றும். சுவரில் எவ்வளவு விசை, அதைச் சுவரின் பரப்பால் வகு, முடிந்தது. இதில் என்ன சந்தேகம்? நீந்தும் துகள்கள் சுவரை முட்டினால் உடனே திரும்பாது. மூக்கு திரும்பும் வரைக்கும் சுவரைத் தள்ளிக்கொண்டே நிற்கும், அதனால் சுவர் ஓரம் கூட்டம் சேரும். இந்தத் தள்ளலுக்கு ‘நீச்சல் அழுத்தம்’ என்று பெயரிட்டு 2014-இல் கால்டெக்கின் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஜான் பிரேடி குழு அழகான சூத்திரம் தந்தது. உருண்டையான துகளாக, சுவர் தன் மூக்கைத் திருப்பாத துகளாக இருந்தால் எல்லாம் சரியாக வருகிறது.

மறு வருஷம் சோலோன், கேட்ஸ், கார்டர், டையர் முதலியோர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே குண்டு இருந்தது: பொதுவாக ஆக்டிவ் திரவங்களில் அழுத்தம் நிலைச்சார்பே அல்ல. அதாவது திரவத்தின் நிலையை மட்டும் வைத்து அழுத்தத்தைச் சொல்லிவிட முடியாது. துகள் குச்சி மாதிரி இருந்தால், சுவரில் முட்டியதும் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கெட்டியான சுவர் சீக்கிரம் படுக்க வைக்கும், மெத்தென்ற சுவர் மெதுவாகப் படுக்க வைக்கும். அதற்குள் எவ்வளவு தள்ளியது என்பது சுவருக்குச் சுவர் மாறும். ஒரே திரவம், ஒரே அடர்த்தி, ஒரு பக்கம் கெட்டிச் சுவர், மறுபக்கம் மெத்தைச் சுவர் என்றால் இரண்டு அழுத்தம். நடுவில் ஒரு தடுப்பை வைத்து, அதன் ஒரு முகம் கெட்டி, மறு முகம் மெத்தை என்று செய்துவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிரப்பியிருந்தும் தடுப்பு ஒரு பக்கமாக நகரும்.

கட்டுரையின் இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். வகுப்பில் ‘அழுத்தம், பருமன், வெப்பநிலை’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவன். டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தம் என்று பங்க்ச்சர் கடை அண்ணாச்சி பார்க்கும்போது, டயர் ரப்பரா, இரும்பா என்று மீட்டர் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பது நமக்கு இயற்கை தந்த சலுகை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 2017-இல் பாரிஸில், அதிர்வில் நடக்கும் சிறு வில்லைகளைச் சங்கிலித் தடுப்பு ஒன்றின் மேல் முட்ட வைத்து அளந்தார்கள். சாதாரண வில்லைகளுக்குச் சமநிலைச் சூத்திரம் கிடைத்தது. நடக்கும் வில்லைகளில் சங்கிலியை மாற்றினால் அழுத்தமும் மாறியது.

திரவத்தின் பாகுநிலையிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலை பாக்டீரியா பின்னால் வால் சுழற்றி நீரைப் பின்னே தள்ளி நீந்தும். போதுமான பாக்டீரியாவைச் சேர்த்து மெல்லக் கலக்கினால் அந்தத் திரவம் தண்ணீரை விட இளகிவிடும். 2015-இல் ஃபிரான்ஸில் அளந்தபோது பாகுநிலை பூச்சியம் வரை இறங்கியது. கலக்குகிறவருக்கு உள்ளே இருப்பவர்களே ஒத்தாசை செய்கிறார்கள். இந்த இளக்கத்தைப் பற்றி 2004-லேயே எழுதியவர்களில் பெங்களூரின் ஸ்ரீராம் ராமசாமி ஒருவர். இந்தத் துறையில் எந்த மூலையைத் தோண்டினாலும் அவர் பெயர் அகப்படும்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஓடும் நாளில் டவுனில் நின்றிருப்பவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். சாதாரண நாளில் இருட்டுக்கடை முன்னால் கூட்டம் சேர்வதற்குக் காரணம் அல்வா. அது ஈர்ப்பு. நீராவி குளிர்ந்து துளியாவதும் அப்படித்தான், மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பு இருப்பதால் ஒன்று சேர்கின்றன. வான் டெர் வால்ஸ் 1873-இல் தன் ஆய்வேட்டில் எழுதியது அந்தக் கதையைத்தான். தேரோட்டத்தன்று வாகையடி முனையில் சேரும் கூட்டத்துக்கு அல்வா வேண்டாம். நெருக்கம் என்றால் நடை குறையும். நடை குறைந்த இடத்தில் பின்னால் வருபவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள், நெருக்கம் கூடும். யாரும் யாரையும் இழுக்கவில்லை, எல்லோருக்கும் அங்கிருந்து போய்விட்டால் போதும் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பத்தடி தள்ளித் தெரு காலியாகவும் முனை அடைத்தும் கிடக்கும்.

டையரும் கேட்ஸும் 2008-இல் கணக்கில் காட்டியது இதுதான். நீந்தும் துகள்கள் நெருக்கத்தில் வேகம் குறையுமானால், ஈர்ப்பே இல்லாமல் திரவமும் வாயுவுமாகப் பிரிந்துவிடும். சமநிலையில் இது நடக்கவே நடக்காது. துள்ளும் துகள் ஓரிடத்தில் மெதுவாகத் துள்ளினாலும் அங்கே கூடுதலாகச் சேர்ந்துவிடாது, போல்ட்ஸ்மான் விதி விடாது. படத்தைப் பார்த்தால் அப்படியே வான் டெர் வால்ஸ்: துளி உண்டாகிறது, வளர்கிறது, சின்னத் துளியைப் பெரிய துளி விழுங்குகிறது. வகுப்பில் நாம் ஐசோதெர்ம் என்ற மாறா வெப்பநிலைக் கோட்டில் இரண்டு பரப்பையும் சமமாக வெட்டி நீராவியின் அழுத்தத்தைக் கண்டுபிடிப்போமே, மேக்ஸ்வெல்லின் அந்த வெட்டு மட்டும் இங்கே பலிப்பதில்லை. முகம் அதே முகம், ரேகை வேறு. ஒளி பட்டால் நீந்தும் துகள்களை வைத்து இந்த மாதிரித் திரள்களை 2013 வாக்கில் பல சோதனைச் சாலைகளில் பார்த்தார்கள்.

பறவைக் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். இந்தத் துறையைப் பற்றிய எந்தக் கட்டுரையும் பறவைப் படத்தோடுதான் ஆரம்பிக்கும், எனக்கு அது சலித்துவிட்டது. பனிக்காலத்தில் நம் மானாவாரிக் காட்டுப் பக்கம் போனால் சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவிலிருந்து வந்து அந்தியில் புகை மாதிரி சுருண்டு விரிவதை யாரும் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவன் போகும் திசையில் நீயும் போ, கொஞ்சம் தப்பும் செய்துகொள் என்ற ஒரே விதியோடு 1995-இல் ஹங்கேரியின் விசெக் போட்ட கணினி மாதிரியுரு இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றியது. அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது வெப்ப இயக்கவியலின் அடிமடியில் கை வைப்பதால்.

சமநிலையில் ஒரு பகுதிக்குள் சராசரி 100 துகள் இருந்தால், நேரத்துக்கு நேரம் 10 கூடலாம், 10 குறையலாம். 10,000 இருந்தால் 100 கூடிக் குறையும். வர்க்கமூலக் கணக்கு. முன்னதில் 10 சதவீதம், பின்னதில் 1 சதவீதம். பெரிய இடத்தைப் பார்க்கப் பார்க்க ஏற்ற இறக்கம் மங்கிப் போகும். இதை நம்பித்தான் ‘அடர்த்தி’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம். ஒரே போக்கில் அணிவகுக்கும் ஆக்டிவ் துகள்களில் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்டத் துகள் எண்ணிக்கைக்கே நேர்விகிதத்தில் வளரும் என்று ராமசாமியும் கூட்டாளிகளும் 2003-இல் சொன்னார்கள். 2007-இல் விஜய் நாராயண், நாராயணன் மேனன் ஆகியோரோடு சேர்ந்து, அதிரும் தட்டில் செப்புக் கம்பித் துண்டுகளைப் போட்டு எண்ணியும் காட்டினார். இடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சராசரி பிடிபடாது. ஒரு லிட்டரில் இத்தனை என்று சொல்லும் உரிமையே போய்விடுகிறது.

சரி, இந்தக் குழப்பத்தால் யாருக்காவது உபயோகம் உண்டா? பிள்ளைகள் கடைசியில் கேட்பது அதைத்தான். சமநிலையில் உள்ள நீரில் ஒரு பற்சக்கரத்தைப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சுற்றாது, பற்களை எவ்வளவு கோணலாக வெட்டினாலும் சரி. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தடுக்கிறது. ஒன்றரை லட்சம் கெல்வின் என்று பெயர் வைத்தாலும் அது உண்மையான வெப்பமாக இருந்தால் இதே தடைதான். 2010-இல் ரோமிலும் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலும் தனித்தனியாகப் பாக்டீரியா நிறைந்த திரவத்தில் கோணல் பற்சக்கரத்தைப் போட்டார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று, ஒரே பக்கமாக. நீந்தும் பாக்டீரியாக்கள் பல்லின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு தள்ளுகின்றன, சரிவில் வழுக்கிப் போய்விடுகின்றன. இரண்டாம் விதி மீறப்படவில்லை, பாக்டீரியா சாப்பிட்ட சாப்பாடு செலவாகிறது.

2016-இல் அஜய் சூட், கணபதி முதலியோர் பெங்களூரில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு நுண்ணிய உருண்டையை லேசரால் பிடித்து, சுற்றிலும் பாக்டீரியாவை நிரப்பி, லேசரை இறுக்கித் தளர்த்தி, திரவத்தைச் சூடாக்கிக் குளிர்வித்து, ஸ்டர்லிங் எஞ்சினாக, அதாவது சூட்டு வித்தியாசத்தில் ஓடும் வெப்ப எஞ்சினாக, ஓட்டினார்கள். சூடு கூடினால் பாக்டீரியா வேகமாக நீந்தும், குறைந்தால் அடங்கும். பாக்டீரியா இல்லாமல் அதே சூட்டு வித்தியாசத்தில் கிடைப்பதை விடக் கூடுதல் வேலை கிடைத்தது. பாக்டீரியா இடிப்பது மூலக்கூறு இடிப்பது போல் மணி வடிவத்தில் அமையவில்லை, எப்போதாவது ஒரு பலத்த இடி விழுகிறது. கூடுதல் வேலைக்கு முக்கியக் காரணம் அதுதான் என்று அவர்கள் எழுதினார்கள். ஆக, எஞ்சினை ஓட்டியதில் டிகிரிக்குள் அடங்காத அந்தப் பகுதிக்கும் பங்கு உண்டு.

இதை வகுப்பில் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “சார், அப்பொ பாக்டீரியாவ வளத்து வீட்டுக்கு கரண்ட் எடுத்துரலாமா?”

கணக்குப் போடச் சொன்னேன். ஆர்கான் சக்கரத்தின் அகலம் 0.38 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஒரு சுற்று, தண்ணீரின் எதிர்ப்பு தெரியும். திறன் ஒரு ஃபெம்டோவாட், அதாவது ஒரு வாட்டை ஆயிரத்தால் ஐந்து தடவை வகுக்க வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய எத்தனை சக்கரம், அவற்றைத் தரையில் பரப்பினால் எவ்வளவு இடம்? இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1,300 சதுர கிலோமீட்டர் வந்தது. தென்காசி பிரிந்த பிறகு திருநெல்வேலி மாவட்டத்தின் பரப்பு 3,842 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நீர் தேக்கிப் பாக்டீரியா விட்டால் ஒரு பல்பு.

“ஃபேன் சார்?” என்றான். 75 வாட் ஃபேனுக்குத் தென்காசியையும் தூத்துக்குடியையும் சேர்த்து எடுத்தால்தான் ஓடும் என்று கணக்கு வந்தது.